இருநூறு சொற்களில் இருதயராஜ்

மேடையில் பொன்னாடை வாங்கப்போகிறவர் தன்னைப் பற்றித் தானே எழுதிக் கொடுக்க வேண்டும். அதை இன்னொருவர், தானே பல இரவு கண்விழித்து ஆராய்ந்து கண்டுபிடித்ததுபோல் மைக்கில் வாசிக்க வேண்டும். வாசிக்கும்போது எழுதியவர், 'ஐயையோ, இதெல்லாம் இவர்களுக்கு எப்படித் தெரிந்தது' என்கிற முகத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இது நம்மவர் மரபு. சென்னையிலும் அப்படித்தான், சிங்கப்பூரிலும் அப்படித்தான். இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

இந்த மரபுக்கு இருதயராஜ் புதியவர் அல்லர். பத்துப் பன்னிரண்டு பேருக்கு அவரே அப்படி வாசித்திருக்கிறார். வாசித்த அனுபவத்தில் அவர் கண்ட உண்மை ஒன்று உண்டு: தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூர் வந்து சிறப்பிக்கப்பட்ட அத்தனை பேரும் எளிய குடும்பத்தில் பிறந்தவர்கள். வசதியான குடும்பத்தில் பிறந்த ஒருவர்கூட இதுவரை பொன்னாடைக்குத் தகுதி பெற்றதில்லை.

இப்போது அவர் முறை. ஃபேரர் பார்க் வட்டாரத்தில் தேவாலயத்துத் தமிழ்ப் பூசைக்குப் போகிற பதினைந்து இருபது குடும்பங்கள் சேர்ந்து, வாரம் ஒரு வீட்டில் ஜெபமாலை சொல்லி, பாட்டுப் பாடி, கடைசியில் கேசரியும் காப்பியும் சாப்பிட்டுக் கலைவார்கள். அதற்கு அன்பியம் என்று பெயர். அந்த அன்பியத்துக்கு இது வெள்ளிவிழா ஆண்டு. இருபத்தைந்து ஆண்டும் அதை நடத்திவந்தவர் இருதயராஜ். பகலில் தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்பு மேற்பார்வையாளர். மாலையில் ஆன்மாக்களின் பராமரிப்பு. இரண்டு இடத்திலும் புகார் வந்தால் முதலில் அவருக்குத்தான் போன் வரும்.

விழா மலருக்குப் பொறுப்பு கிளாரிசா. இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், பாலர் பள்ளி ஆசிரியை. அவள்தான் போன் செய்தாள்.

"அங்கிள், உங்க லைஃப் ஸ்டோரி வேணும். டூ ஹண்ட்ரட் வேர்ட்ஸ் போதும் லா. வேற யாரோ எழுதின மாதிரி எழுதுங்க, ஓகே? மலர்ல போட்டு, அதையே ஸ்டேஜ்ல படிச்சிரலாம்."

"என்னைப் பத்தி எழுத என்னம்மா இருக்கு" என்றார் இருதயராஜ். மரபுப்படி அதைச் சொல்லியாக வேண்டும்.

"அதான் அங்கிள், டூ ஹண்ட்ரட் மட்டும்" என்றாள் கிளாரிசா. அது மரபில் இல்லாத பதில்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது ரயிலில் நின்றபடியே போனில் எழுத ஆரம்பித்தார். 'எளிய குடும்பத்தில் பிறந்த திரு. இருதயராஜ் அவர்கள்' என்று தொடங்கினார். அவருடைய அப்பா காளையார்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர், மாடிவீடு, புல்லட் வண்டி. ஆனாலும் அந்த வாக்கியத்தைக் கை தானாகவே எழுதிவிட்டது. பள்ளிக்கூடத்துச் சம்பளம் எளிமைதானே என்று மனசாட்சிக்கு ஒரு விளக்கம் சொல்லி மேலே போனார்.

அடுத்தது அன்பியம். ஃபேரர் பார்க் நிலையத்திலிருந்து வண்டி கிளம்பியபோது அவர் எழுதியது: 'அன்பியத்தின் ஆரம்பகால உறுப்பினர்.' இது அப்பட்டமான உண்மை. ஆனால் படித்துப் பார்த்தபோது நூலகத்துக்குச் சந்தா கட்டியவர் மாதிரி இருந்தது. லிட்டில் இந்தியா வந்தபோது அது 'தொடக்கம் முதலே தோள்கொடுத்தவர்' ஆயிற்று. டோபி காட்டில் கூட்டம் ஏறி அவரை ஒரு கம்பியோடு அழுத்தியது; அந்த நெருக்கடியில் 'தொடங்கியவர்களுள் ஒருவர்' ஆனார். சைனாடவுன் தாண்டும்போது, 'களுள் ஒருவர்' என்பது இடத்தை அடைப்பதாகவும் இருநூறு சொல்லில் சிக்கனம் தேவை என்றும் பட்டது. ஊட்ரமில் வண்டி மாறினார். தஞ்சோங் பகாரில் கதவு திறந்தபோது திரையில் இருந்த சொல்: 'அன்பியத்தைத் தோற்றுவித்தவர்.' பின்னால் நின்றவர் முதுகில் தள்ள, இருதயராஜ் அனுப்பும் பொத்தானைத் தொட்டுவிட்டு இறங்கினார்.

படியேறி வெளியே வருவதற்குள் வயிற்றில் ஏதோ பிசைந்தது. காலையில் தின்ற ரொட்டி பிராட்டாதான் என்று முடிவு செய்தார்.

அது பிராட்டா இல்லை. அதன் பெயர் சவரிராஜ்.

சவரிராஜ் பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆள். இருதயராஜும் அவனும் ஒரே விமானத்தில் வந்து, ஒரே கப்பல் பட்டறையில் சேர்ந்து, ஒரே விடுதியில் மேல்கட்டில் கீழ்கட்டில் போட்டுக் கிடந்தவர்கள். அந்த விடுதியில் ஜெபம் சொல்ல இடம் கிடையாது. சவரிராஜ்தான் கேண்டீன் நடத்திய ஹனீபா பாயிடம் போய்க் கெஞ்சி, பின்பக்கத்து வெங்காய மூட்டைகளுக்கு நடுவே சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் வாங்கினான். அவன்தான் ஒவ்வோர் அறையாகப் போய் ஆள் கூப்பிட்டான். பாட்டும் அவன்தான். அவனுக்கு நல்ல கனத்த குரல். அவன் 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கினால் மூட்டைகூட முழந்தாளிட்டுவிடும் என்பார்கள். ஹனீபா பாய் ஜெபம் முடிந்ததும் எல்லோருக்கும் மிச்ச வடையும் தேநீரும் கொடுப்பார். இருதயராஜ் சேர்ந்தது மூன்றாவது வாரம். வடையைப் பற்றிக் கேள்விப்பட்டபிறகு.

சில மாதத்தில் சவரிராஜை இரவு ஷிப்டுக்கு மாற்றினார்கள். "ரெண்டு வாரம் பாத்துக்கடா இருதயம், திரும்ப பகல் ஷிப்ட் வாங்கிட்டு வந்துர்றேன்" என்று பாட்டுத்தாளை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அந்த இரண்டு வாரம்தான் இருபத்தைந்து ஆண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. இருதயராஜ் படித்தார், வேலை மாறினார், நிரந்தரவாசியானார், மனைவியை அழைத்துவந்தார், வீடு வாங்கினார். ஜெபமும் விடுதியை விட்டு வெளியேறி, மின்தூக்கியில் ஏறி, வீடு வீடாகப் போனது. சவரிராஜ் மட்டும் அதே வேலை அனுமதிச் சீட்டோடு, அதே வெல்டிங் முகமூடியோடு, ஷிப்ட் அனுமதித்தால் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பாடிவிட்டுப் போவான். புதிதாக வந்த குடும்பங்களுக்கு அவன், 'நல்லா பாடுவாரே, அந்த ஷிப்யார்டு அண்ணன்.' அவ்வளவுதான்.

இந்த மாதக் கடைசியில் அவன் ஊருக்கே போகிறான். பர்மிட்டைக் கம்பெனி புதுப்பிக்கவில்லை. இனித் திரும்பி வரப்போவதில்லை. இந்த ஊரில் அவன் கட்டிய கப்பல்களில் எதிலும் அவன் பெயர் இல்லை. அவன் கட்டியவற்றில் பெயர் போடுவதற்கு இடமிருந்தது இந்த ஒன்றில்தான். அந்த இடத்தில் ஒரு காலை ரயில் பயணத்தில் இருதயராஜ் குடியேறிவிட்டார்.

சாயங்காலம் வீட்டில் மனைவி வசந்தகுமாரி போனை வாங்கிப் படித்தாள்.

"யாருங்க இந்த நல்ல மனுஷன்? இவரு எந்த பிளாக்குல இருக்காரு?"

"கிண்டல் பண்ணாத. எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க."

"அது சரி. 'குடும்பப் பொறுப்பில் குறையேதும் வைக்காதவர்'னு போட்டிருக்கே. பாத்ரூம் குழாய் மூணு மாசமா ஒழுகுதே, அதையும் சேத்துக்கங்க."

குழாய்க்கு அவர் தயாராக இருந்தார். அவள் 'தோற்றுவித்தவர்' என்ற சொல்லை ஒரு சந்தேகமும் இல்லாமல் கடந்துபோனாளே, அதற்குத்தான் தயாராக இல்லை. அவள் வந்தது பிற்பாடு. அவளுக்குத் தெரிந்த அன்பியத்தில் முதல் நாளிலிருந்தே தலைவர் அவர்தான். கட்டிய மனைவியே நம்பிவிட்டாள் என்றால் இனி ஊர் நம்ப எத்தனை நேரம் ஆகும்? அவர் அன்று இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார்.

இரண்டு நாள் தள்ளிப்போட்டார். அதற்குமேல் பொறுக்காமல் கிளாரிசாவுக்குப் போன் போட்டார்.

"அம்மா கிளாரிசா, அந்த லைஃப் ஸ்டோரில ஒரே ஒரு வார்த்தை மாத்தணும்."

"அங்கிள்! பிரிண்ட்டுக்குப் போயாச்சு. நான் லீவ் போட்டு உட்கார்ந்து தமிழ்ல டைப் பண்ணேன், யூ நோ. அந்த ஃபவுண்டர் பாயிண்ட் ரொம்ப நல்லா இருந்துச்சு, அதையே பெரிய எழுத்துல டைட்டிலா போட்டுட்டேன்."

"டைட்டிலாவா?"

"ஆமா. மெரூன் கலர்ல. அப்புறம் அங்கிள், ஸ்டேஜ்ல படிக்கிறது யாருன்னு தெரியுமா? சவரிராஜ் அங்கிள்தான். அவர் கிளம்பறாருல்ல, ஸோ லாஸ்ட் டைம் ஸ்டேஜ்ல அவர் வாய்ஸ் கேக்கணும்னு எல்லாரும் சொன்னாங்க. பேப்பரை அவர்கிட்ட குடுத்துட்டேன், பிராக்டிஸ் பண்ண."

இருதயராஜ் போனை வைத்தார். கட்டடத்தில் தீ எச்சரிக்கை மணி அடித்தால் என்ன செய்வது என்று ஆண்டுக்கு இரண்டு முறை மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் அவர். அந்தப் பயிற்சியில் இதற்கு வழி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடைப் பக்கம் சவரிராஜைத் தேநீருக்குக் கூப்பிட்டார். உட்கார்ந்ததும் சொல்லிவிடுவது, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவது என்று படியிறங்கும்போதே வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தார். சவரிராஜ் ஊருக்கு வாங்கிய கோடாலித் தைலப் பெட்டியோடு வந்தான். மேசையில் பெட்டியை வைத்தான். சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தான்.

இருதயராஜின் வாக்கியம் தொண்டையிலேயே கால்நீட்டிப் படுத்துவிட்டது.

"டேய் இருதயம், என்னடா இது, 'எளிய குடும்பத்தில் பிறந்த'? உங்கப்பா ஹெட்மாஸ்டரு. மாடிவீடு. புல்லட்டு வச்சிருந்தாரு. எளிய புல்லட்டா?"

"எல்லாரும் போடுறாங்கடா."

"எங்கப்பன் மாட்டுக்குப் புண்ணாக்கு கடன் வாங்கினவன். நான்தான் எளிய குடும்பம். நீ என் குடும்பத்துல எப்படா பிறந்த?"

பக்கத்து மேசையில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இருதயராஜும் சிரித்தார். அந்தச் சிரிப்பு உள்ளே போய் முள்ளாகத் தைத்தது. அடுத்து வரப்போவது 'தோற்றுவித்தவர்'. சவரிராஜின் விரல் தாளின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. 'கடும் உழைப்பால் உயர்ந்து' என்பதில் ஒரு கணம் நின்றது.

அங்கேயே அவன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தான்.

"மீதிய மேடையில பாத்துக்குறேன். இப்பவே எல்லாத்தையும் படிச்சிட்டா அங்க உணர்ச்சி வராது." தேநீரை ஒரு வாய் குடித்தான். "நீ என்னமோ சொல்லணும்னியே?"

"அது வந்து..."

"சொல்லு."

"டீல சீனி கம்மி."

"கேட்டு வாங்கிக்க வேண்டியதுதானே, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றான் சவரிராஜ். ஒரு நொடி அவரையே பார்த்தான். பிறகு விமானத்தில் எத்தனை கிலோ விடுவார்கள் என்று பேச ஆரம்பித்தான்.

அந்த வாரம் முழுக்க இருதயராஜ் உத்தமராக வாழ்ந்தார். குற்றவுணர்ச்சி உள்ள மனிதர்கள் சுற்றியிருப்பவர்களுக்குப் பெரும் வசதி. குளியலறைக் குழாய் சரியாயிற்று. கட்டடத்துத் துப்புரவு ஊழியர்களுக்கு ஐஸ் மைலோ கிடைத்தது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ நன்மை செய்தார், செய்யவேண்டிய ஒருவருக்குத் தவிர. சவரிராஜின் எண்ணைப் போனில் எடுப்பார், பார்ப்பார், வைப்பார். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகலாம் என்றும் யோசித்தார். ஆனால் சாமியார் என்ன சொல்வார் என்று அவருக்கே தெரியும். 'போய் அவரிடம் சொல்லுங்கள்' என்பார். அதற்கு எதற்கு இவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?

விழா நாள் வந்தது. பூசை முடிந்து ஆலயத்துக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் கூட்டம் நிரம்பியது. நிகழ்ச்சியை நடத்திய பிரபாகர், காப்பீட்டு முகவர், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கைதட்டல் கேட்டு வாங்கினார். அன்பியத்தின் பெண்கள் நடனமாடினார்கள். பிறகு சவரிராஜ் மைக்குக்கு வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மூக்குக்கண்ணாடியை மாட்டித் தாளைப் பிரித்தான்.

மேடையில் இருதயராஜ் தரையைப் பார்த்தார். மரபுக்காக இல்லாமல் தேவைக்காகப் பார்த்தார்.

"எளிய குடும்பத்தில் பிறந்த திரு. இருதயராஜ் அவர்கள்..." அந்தக் குரலில் அது நிஜமாகவே எளிய குடும்பமாகிவிட்டது. முன்வரிசையில் ஓர் அம்மாள் கைக்குட்டையை எடுத்தார். "...கடும் உழைப்பால் உயர்ந்து..." சவரிராஜ் நிறுத்தினான். கண்ணாடியைக் கழற்றினான். சட்டை நுனியில் துடைத்தான். மறுபடி மாட்டினான்.

"நம் அன்பியத்தைத் தோற்றுவித்தவர்."

கைதட்டல். அவன் கையை உயர்த்தி அதை அடக்கினான்.

"பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேட்டிருக்காது. இன்னொரு தடவை படிக்கிறேன். நம் அன்பியத்தைத் தோற்றுவித்தவர்."

இன்னும் பெரிய கைதட்டல். ஒரு சொல்கூடக் குறைக்காமல், ஒரு சொல்கூடக் கூட்டாமல் மீதியையும் படித்து முடித்து, தாளை நான்காக மடித்துக்கொண்டு இறங்கிப் பின்வரிசைக்குப் போனான். பங்குச்சாமியார் பொன்னாடையைப் போர்த்தினார். குளிர்சாதனம் வைத்த மண்டபத்தில் இருதயராஜுக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது.

"இப்போது நம் தோற்றுநர் அவர்களின் ஏற்புரை!" என்றார் பிரபாகர்.

இருதயராஜ் மைக்கைப் பிடித்தார். இனியும் சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை.

"இந்த அன்பியத்த நான் ஆரம்பிக்கலைங்க."

கைதட்டல்.

"இல்லைங்க, உண்மையைத்தான் சொல்றேன். சத்தியமா நான் இல்ல."

இன்னும் கைதட்டல். சாமியார் கண்கலங்கிப் பக்கத்தில் இருந்தவரிடம், "இதுதான் தாழ்ச்சி" என்றது மைக்கிலேயே கேட்டது.

இருதயராஜுக்கு அப்போதுதான் தன் நிலைமை விளங்கியது. போன ஆண்டு பொன்னாடை வாங்கியவர், 'நான் ஒன்றுமே செய்யவில்லை, எல்லாம் நீங்கள் செய்தது' என்றுதான் ஏற்புரை தந்தார். அதற்கு முந்தியவரும் அப்படியே. ஏற்புரையில் எல்லோரும் பொய்யாகச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்ட அதே வாக்கியத்தைத்தான் இவர் இப்போது உண்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சவரிராஜ்தான் ஆரம்பிச்சான்! அந்தப் பின்வரிசையில நிக்கிறானே, அவன்தான்! நான் மூணாவது வாரம் வந்தேன். வந்ததே வடைக்குத்தான்!"

மண்டபமே குலுங்கிச் சிரித்தது. பிரபாகர் மைக்கை அன்போடு பிடுங்கினார். "என்ன பணிவு, என்ன நகைச்சுவை! நண்பரை மேடையிலேயே பெருமைப்படுத்தும் இந்த உள்ளத்துக்கு இன்னொரு பலத்த கரகோஷம்!"

கொடுத்தார்கள். மேடைக்குக் கீழே கிளாரிசா இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தி, "அங்கிள், ஸோ ஹம்பிள் லா!" என்றாள்.

கூட்டம் பிரியாணிக்கு எழுந்தது. வாசலருகே மேசையில் விழா மலர்கள் அடுக்கடுக்காக இருந்தன. அட்டையைத் திருப்பியதும் மெரூன் நிறத்தில் அந்தத் தலைப்பு: 'அன்பியத்தைத் தோற்றுவித்தவர் இருதயராஜ்.' இருதயராஜ் பொன்னாடையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். முதல் பிரதியைத் திறந்து, தன் பெயரை அடித்து, மேலே எழுதினார்: சவரிராஜ். இரண்டாவது. மூன்றாவது.

நிமிர்ந்தபோது எதிரே வரிசை நின்றது.

"அண்ணன் கையெழுத்துப் போட்டுக் குடுக்குறாரு" என்று யாரோ சொல்ல, ஆளாளுக்கு மலரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். உமாமகேஸ்வரி என்கிற கணக்காளர், பூசைக்கு வருகிற தோழிகளோடு விழா பார்க்க வந்தவர், வாங்கிப் பார்த்துவிட்டுக் குழம்பினார். "சார், உங்க பேரு இருதயராஜ்தானே? சவரிராஜ்னு போட்டிருக்கீங்க?"

"இது கையெழுத்து இல்லம்மா. திருத்தம்."

"ஓ" என்று சொல்லிவிட்டுப் போய், அங்கே நின்றவர்களிடம் என்னவோ சொன்னார். அவர்கள் மலரைத் திறந்து பார்த்தார்கள். பிறகு, கூட்டம் தொடங்கியதிலிருந்து முதல்முறையாக, பின்வரிசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

வரிசை நகர்ந்தது. அடுத்து நீண்ட கையில் வெல்டிங் தழும்புகள் இருந்தன.

"சார், ஒரு ஆட்டோகிராஃப்."

இருதயராஜ் தலையைத் தூக்கவில்லை. "எப்படா தெரியும் உனக்கு?"

"தாளு கைக்கு வந்த அன்னிக்கே. தேக்காவுல சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லல நீ."

"அப்புறம் ஏன்டா ரெண்டு தடவ படிச்ச? என்னைக் கொல்லவா?"

"ஒண்ணு உன்னைக் கொல்லத்தான்." சவரிராஜ் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினான். "இன்னொண்ணு எனக்கு. இத்தன வருஷத்துல அத ஒரு மைக்குல சொல்லி நான் கேட்டதே இல்ல. உன் பேரோடயாவது கேட்டுக்குவோமேன்னு."

"என் பேரை எடுத்துட்டேன்டா. பாரு."

"பாத்தேன். உன் பேரு இல்லாமக் கேட்டிருந்தா இன்னும் நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றான் சவரிராஜ். அதில் கிண்டல் இல்லை. அதனால் இருதயராஜுக்குத் திட்டு வாங்கியதைவிட அதிகமாக வலித்தது.

"மன்னிச்சிருடா."

"முதல்ல எழுது. பின்னாடி ஆளு நிக்குது, பிரியாணி ஆறுது."

இருதயராஜ் அடித்து எழுதிக் கொடுத்தார். சவரிராஜ் வாங்கித் தூரத்தில் நீட்டிப் பிடித்துப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கி, மலரை மறுபடி மேசைமேல் வைத்தான்.

"இது என்னடா கோழிக் கிறுக்கல். வேற எடு. ஊருக்குப் போனதும் என் பொண்டாட்டி பிலோமினாகிட்ட காட்டணும். அங்க போயி இத்தன வருஷம் என்னத்தக் கிழிச்சேன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. அவ எழுத்துக் கூட்டித்தான் படிப்பா. அவளுக்குப் புரியணும்."

இருதயராஜ் புதுப் பிரதி ஒன்றை எடுத்தார். தன் பெயரை அடித்தார். பிறகு, வரிசை முணுமுணுப்பதைப் பொருட்படுத்தாமல், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் எழுதுவதுபோல் ஒவ்வோர் எழுத்தாக, பெரிதாக, இடைவெளி விட்டு எழுதத் தொடங்கினார்.